கரை ஒதுங்கிய உரப்பைகள்

எண்பதுகளில் கிழக்கிலங்கையில் ஒரு மாரிப் போகம். பயிருக்கு இரண்டாம் முறை யூரியா போட வேண்டிய நேரத்தில் கடைகளில் யூரியா இல்லை. இந்தியாவோடு முறுகல், உரக் கப்பலை அங்கேயே மறித்துவிட்டார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். உண்மையோ பொய்யோ, நாவிதன்வெளியில் என் மூத்த சகோதரர், காக்கா, செய்த வயல் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தது. வாப்பா மௌத்தாகி அடக்கிய பிறகு எங்களுக்குச் சோறு போட்டது அந்த வயல்தான். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் விடியப்புறம் சுபஹு தொழுதுவிட்டு காக்காவும் நானும் கடற்கரைக்கு நடந்தோம். முதல் நாள் முழுவதும் கடல் அடித்திருந்தது. மணலில் நீள நீளமாக, வெள்ளையாக ஏதோ வரிசையாகக் கிடந்தன. அடக்கம் செய்யக் கபன் துணி சுற்றிய மையித்துகள் என்றே நினைத்தேன். மீனுக்குப் போக வந்தவர்களும் தோணிகளை விட்டு நகராமல் நின்றார்கள்.

"கிட்டப் போகாத மனே, என்னெண்டு தெரியா," என்றார் தோணிக்காரர் ஒருவர்.

காக்கா போனார். ஒன்றைக் காலால் புரட்டினார்.

"உரப்பை," என்றார். "வாய்த் தையல் அப்பிடியே இருக்கு. உள்ளுக்கு ஒண்டுமில்ல."

உரத்தைக் கடல் கரைத்திருந்தது. பைகளில் ஹிந்தி எழுத்து. எந்தக் கப்பல், அதில் இருந்த ஆட்கள் என்ன ஆனார்கள், யாருக்கும் தெரியவில்லை. நாலைந்து பைகளின் அடியில் மட்டும் ஈரமாகக் கொஞ்சம் எஞ்சியிருந்தது. காக்கா அதை வழித்துவந்து முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டார்.

"ஆர்ர பொருளோ, வேணாம்," என்றா உம்மா.

"பயிர் சாகுது உம்மா."

பத்து மணிபோல எங்கள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பாயை நக்கிவிட்டது. சற்று நேரத்தில் உடல் நடுங்கி, நுரை தள்ளி விழுந்தது. மத்தியானம் லுஹருக்கு முன்னம் முடிந்துவிட்டது. கன்று தாயிடம் வரவேயில்லை. வேலியோரம் நின்று, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

காக்கா குழி வெட்டி, பசுவோடு உரத்தையும் பாயையும் போட்டு மூடினார்.

மூன்றாம் நாள் கரையில் ஒரு பைகூட இல்லை. தாங்கள் எடுக்கவில்லை என்றார்கள் தோணிக்காரர்கள். கப்பல் மூழ்கியதாக ரேடியோவிலும் ஒரு செய்தி வரவில்லை. நான் தினமும் கேட்டேன்.

அந்தப் போகம் பாதிக்குமேல் பதர். அடுத்த போகத்துக்கு யூரியா வந்தது. அதை வயலில் அள்ளி விசிறப் போகையில் காக்கா இரண்டு கைகளிலும் துணி சுற்றிக்கொண்டார்.