மருமகனின் பதிவுப் பெயர்

காலை 9.20க்கு, இரத்தோட்டைப் பாதையில் பஸ் கவிழ்ந்த செய்தி வந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகள் செல்வி அதில்தான் போயிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி, "ராமையா செல்வி" என்றேன். ஊழியரின் கையில் பெயர்ப் பட்டியல் மட்டுமே இருந்தது.

"ராமையா இல்லீங்களே. கல்யாணம் ஆனவங்களா?"

ஆமாம், போன மாதம்தான் அடையாள அட்டையில் என் பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டிருந்தாள்.

"செல்வி ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தங்க தங்கவேல் செல்வி, ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க. மத்தவங்க சிவகுமார் செல்வி..." குரலைத் தாழ்த்தினார். "அவங்க தவறிட்டாங்க ஐயா. உங்க மருமகன் பேர் என்ன?"

"பாபு."

"அது வீட்டுப் பேருங்களே. பதிவுப் பேர்?"

எனக்குத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையில்கூட பாபு என்றே அச்சடித்திருந்தோம். மருமகனின் கைத்தொலைபேசியும் அணைந்திருந்தது. இப்போது மகளின் புதிய அட்டைப் பிரதியை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அன்று வெறுங்கையோடு பிணவறை வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

பதினொரு மணிக்குப் பாபு ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "அங்க போகாதீங்க மாமா. நம்ம செல்வி தியேட்டர்ல இருந்து வந்துட்டா. புள்ளதான் போயிருச்சு. அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."