முனிலட்சுமி வைக்காத கைநாட்டு

1. பதினாலாவது வரி

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள் ஒரு பெண் என் ஸ்டூடியோ ஷோகேஸ் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள். காவடிக் கூட்டம் இடித்துவிட்டது என்று நினைத்து நான் உள்ளே லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. போட்டோத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக லென்ஸைப் பற்றி எழுதித் தரச் சொல்கிறார்கள். லென்ஸைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதை நான்தான் எழுத வேண்டும்.

அன்று திருத்தணியில் பி.ஏ. படித்துவிட்டுப் படம் பிடிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் கழுத்தில் தொங்கிய கேமராவைவிடக் கனம்.

பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் சரோஜம்மா என்றொரு விதவை இருந்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பகல் முழுக்கத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். அம்மா தறிக்குழியில் இறங்கிவிட்டால் தவழும் பிள்ளையை யார் பார்ப்பது? காலையில் பதினாலு பிள்ளைகள் வந்துவிடும். கூடத்தில் வரிசையாகத் தூளி. தாய்மார்கள் அரிசியோ கேழ்வரகோ கொடுப்பார்கள்.

சென்னையில் ஒரு தர்ம ஸ்தாபனம் அந்தப் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் தர முன்வந்தது. கூடவே ஒரு ஃபாரம் அனுப்பியது. பிள்ளைகளின் குரூப் போட்டோ வேண்டுமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயோ தகப்பனோ படம் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டுமாம். முழுக்க ஆங்கிலம். வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிற நெசவாளியிடம் ஆங்கிலத்தில் சம்மதம் கேட்ட அந்த மேதாவிகளை ஒரு நாளாவது தறிக்குழியில் இறக்கி இருக்க வேண்டும்.

சரோஜம்மா ஃபாரத்தை என்னிடம் கொண்டுவந்தார். நான் படித்து அர்த்தம் சொன்னேன். அவர் ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வைத்துத் தறியையே பறிகொடுத்தவர்கள் அந்தத் தெருவில் உண்டு. இருந்தும் பதிமூன்று தாய்மார்கள் விரலை நீட்டினார்கள். ஃபாரத்தை நம்பி அல்ல, சரோஜம்மாவை நம்பி.

பதினாலாவது, முனிலட்சுமி. நான் டிரைபாடோடு போய் இறங்கிய அன்று, அவள் தறியை நிறுத்திவிட்டே வந்து நின்றாள்.

"அக்கா, முடி எறக்கற வரைக்கும் எங்க நைனாவப் படம் புடிக்க வோணாம். ரெண்டப் பறிகுடுத்துட்டுப் பெத்த புள்ள இவன். ஆடிக் கிருத்திகைக்கு மலையில மொட்ட போட்டுட்டு நானே தூக்கினு வரேன். அப்ப எத்தினி வேணா எடுத்துக்கோங்க."

"கேமரா என்னம்மா, ரத்தக் காட்டேரியா? உன் பிள்ளை உசிர உறிஞ்சிடுமா?" என்றேன்.

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது சார். நீ படிச்சவன். எனுக்கு மனசு ஒப்பல. கேட்டீங்க, சொல்லிட்டேன்." அவள் தறிக்குத் திரும்பினாள்.

அவள் கேட்டது இரண்டு மாதம். மொட்டை போட்ட பிள்ளைகளைப் படம் எடுத்துத்தான் இந்த ஊரில் நான் சோறு தின்றேன். அப்படிப்பட்டவனுக்கு அந்த இரண்டு மாதம் காத்திருக்க முடியவில்லை.

"அவன வுட்டுட்டு எடுங்க சார். பதிமூணு பேரு போதும்," என்று சொல்லிவிட்டுச் சரோஜம்மா கஞ்சியை இறக்க உள்ளே போனார். அந்தப் பையன் தத்தித் தத்தி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். தோள்வரை சுருள் முடி. முற்றத்து வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. சரோஜம்மா திரும்பி வருவதற்குள் இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துவிட்டேன்.

"படத்தையும் ஃபாரத்தையும் நானே தபாலில் சேர்த்துவிடுகிறேன்" என்று பெருந்தன்மையோடு வாங்கி வந்தேன். படத்தில் பதினாலு தலை. ஃபாரத்தில் பதிமூன்று கைநாட்டு. கணக்கு உதைத்தது. என் இடது கட்டைவிரலை ஸ்டாம்ப் பேடில் உருட்டிப் பதினாலாவது வரியில் வைத்தேன். சிரித்துக்கொண்டே வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2. ஷோகேஸ்

அதோடு விட்டேனா? அந்த முகத்தை மட்டும் என்லார்ஜ் செய்து, மவுண்ட் ஒட்டி, ஷோகேஸின் நடுவில் மாட்டினேன். கிருத்திகைக் கூட்டம் முழுக்க அதைப் பார்க்கட்டும் என்று ஆசை. கூட்டத்தோடு பெற்றவளும் பார்த்தாள்; கண்ணாடியை அறைந்தது அவள்தான். மொட்டை போட மலைக்குப் போகிற வழியில், அதே பிள்ளை இடுப்பில்.

"இன்னா சார் இது? யாரக் கேட்டு மாட்டின?"

கடை நிறைய வாடிக்கையாளர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சம்மதப் பேப்பர் இருக்கும்மா. அதுல உன் கைநாட்டு இருக்கு."

"எங் கைநாட்டா? நான் எங்க வெச்சேன்?"

"அத சரோஜம்மாவப் போய்க் கேளு. பேப்பர் அவங்க குடுத்தது."

அவள் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது. அதைப் பார்த்த பிறகும், 'அடுத்த ஆள் வாங்க' என்றேன்.

செய்தி பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிற்று. ஒருத்தி வைக்காத கைநாட்டு இங்கிலீஷ் ஃபாரத்தில் இருக்கிறது என்றால், மற்றவர்கள் வைத்த கைநாட்டு எந்தப் பத்திரத்தில் போய் முடியும்? இரண்டே நாளில் பதினாலு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

3. ஒரு வார்த்தை

சரோஜம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"அந்தக் கைநாட்டு யாருது சார்?"

அவர் பார்வை என் கட்டைவிரலில் நின்றது. விரலில் இருந்தது படம் கழுவுகிற டெவலப்பர் கறைதான். ஆனாலும் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

"எனுக்குப் பால் பவுடரும் வோணாம், ஒண்ணும் வோணாம். என்னத் திருடின்னு சொல்லிகினு இருக்காங்க. நீங்க வந்து, நான்தான் வெச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பசங்க திரும்பி வந்துடும்."

"கூட்டம் முடியட்டும்மா. வரேன்."

கூட்டம் மூன்று நாளில் முடிந்தது. எனக்குத் தைரியம் வர மூன்று வாரம் ஆயிற்று. போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது. சித்தூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

முனிலட்சுமி வீட்டுக்குப் போனேன். அவள் தறியில் இருந்தாள். மொட்டைத் தலையோடு பையன், இடுப்பில் கட்டிய துணியின் மறுமுனை தறிக்காலில். அது எட்டுகிற தூரம்வரை தத்தி நடப்பதும் இழுபட்டு உட்கார்வதுமாக இருந்தான்.

"அம்மா, அந்தக் கைநாட்டு என்னுது."

தறியில் நாடா ஓடுவது நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"நான் வெக்கல. அக்கா வெக்கற ஆளு இல்லன்னு அப்பால புத்திக்கு எட்டிச்சி. வேற யாரு கீறாங்க? நீதான். ஓடிப் போய் அக்காவக் கூப்ட்டேன். 'ஊரு நம்பல, சரி. நீயுமா முனிலட்சுமி?'ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. பஸ் ஏறிட்டாங்க." தறியை ஓங்கி மிதித்தாள். "நீ கெளம்பு சார்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒருவரிடம் சம்மதம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால், அப்போதே கேமராவை உறையில் போடுங்கள். அதற்கு மனசில்லாதவர்கள் கேட்கவே கேட்காதீர்கள். திருடன் என்ற பேரோடு எடுங்கள். நான் கேட்கவைத்துவிட்டுத் திருடினேன். திருட்டுப் பட்டம், எனக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டவருக்குப் போயிற்று.