மானேஜருக்குப் பிடித்த கலர் புரோகிராம்

கலந்து கிடப்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் எங்கள் தொழில். பிரியாவிட்டால் திட்டு மட்டும் எங்களுக்குத் தனியாக வந்து சேரும்.

எண்பதுகளின் கடைசியில், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கையில் குழந்தை; வேலையோ தற்காலிகம். மாத்திரைக் கரைசலை மெத்தனால் கலந்த தண்ணீரோடு எஃகுக் குழாய்க்குள் அழுத்தி அனுப்பினால், உள்ளிருக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தாளில் குன்று குன்றான கோடாக, பீக் பீக்காக விழும். இரண்டு பீக் ஒட்டிக்கொண்டால் மெத்தனாலைக் கூட்டிக் குறைத்து வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். அல்லாடியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யெஸ் சார்

ஒருநாள் மானேஜர் கூப்பிட்டார். கரைசலை இரண்டு ஓட்டம் ஓட்டி அந்த விவரத்தைக் கொடுத்தால், மெத்தனால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். மெட்ராஸிலிருந்து இரண்டு புரோகிராம்கள் வந்திருக்கின்றன, ஒன்றைத்தான் வாங்கலாம், எது என்று நான் சொல்ல வேண்டும். கான்வென்ட் பழக்கம், முழுசாகக் கேட்பதற்குள் "யெஸ் சார்" வந்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் புலம்பினேன். கூட வேலை பார்த்த ஸ்டெல்லா அக்கா சிரித்தார்: "தப்பா எடுத்தா உன்னைய பெர்மனென்ட் பண்ண மாட்டாரு. சரியா எடுத்தா அவரு எடுத்ததா சொல்லிக்குவாரு. வெரசா சாப்பிட வா."

பச்சை எழுத்து

முதல் புரோகிராமில் பீக்குகள் கலர் கலராக வந்தன. விற்க வந்தவர் ஒரு பொத்தானைத் தட்டினால் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. மானேஜர் சொக்கிப்போனார். இரண்டாவதில் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. குழாயின் நீளம் என்ன, திரவத்தின் வேகம் என்ன, குழாயின் சூடு என்ன? பதில் தராமல் அடுத்த பக்கம் போகவிடாது. மானேஜர் முகம் சுளித்தார்: "என்னம்மா இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி இத்தன கேள்வி கேக்குது?"

காய்ச்சல் பார்க்கும் கை

கலர் புரோகிராமுக்கு இரண்டு ஓட்டம் கொடுத்தேன். ஒன்று காலைப் பனியில், ஒன்று மேசையில் வெயில் விழுந்த மத்தியானத்தில். பீக்குகள் அழகாகப் பிரியும் என்றது. மறுநாள் வெள்ளனே அது சொன்ன அளவில் ஓட்டினால் இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. மானேஜரோ இதையே வாங்குவதாக விற்க வந்த ஆளிடம் பாதி வாக்குக் கொடுத்திருந்தார்.

பச்சை எழுத்தைத் திறந்தேன். சூடு என்ன என்று கேட்டது. பிள்ளை பிறந்ததிலிருந்து எதையும் தொட்டுக் காய்ச்சல் பார்க்கும் கை, குழாயைத் தொட்டேன். ஐஸ். மத்தியானம் தொட்டால் வெதுவெதுப்பு. இரண்டு ஓட்டமும் ஒரே நிலையில் ஓடவே இல்லை! வெந்நீர் ஓடும் ரப்பர் டியூபைக் குழாயில் சுற்றி, மேலே என் பையில் கிடந்த குழந்தையின் ஸ்வெட்டரைக் கட்டி, சூடு மாறாமல் மறுபடி இரண்டு ஓட்டம் ஓட்டி, இரண்டு புரோகிராமுக்கும் கொடுத்தேன். எது சொன்ன அளவில் ஓட்டினாலும் பீக்குகள் பிரிந்தன. ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார்: "அடியே, அதுக்கு ஒரு குல்லாவையும் மாட்டி விட்டுற வேண்டியதுதானே!"

எதை வாங்க?

"சார், சூட்டைச் சரியா வச்சா ரெண்டுமே சரியாச் சொல்லுது. ஆனா கலர் புரோகிராம் சூட்டைப் பத்திக் கேக்கவே இல்ல. தப்பான ஓட்டத்தக் குடுத்தாலும் தைரியமா பதில் சொல்லுது. கேள்வி கேக்குறதையே வாங்கலாம் சார்," என்றேன். மானேஜர் பீக் ஒட்டிய தாளையும் பிரிந்த தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்: "அந்தக் கலர் புரோகிராம்காரர்ட்ட வேண்டாம்னு நீயே சொல்லிரும்மா. பெர்மனென்ட் ஸ்டாஃப் சொன்னா ஒரு மரியாதையா இருக்கும்."

சொன்னேன், பயந்துகொண்டேதான், ஆனால் தற்காலிகமாகப் பயப்படுவதைவிடப் பெர்மனென்ட்டாகப் பயப்படுவதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.