காவி வட்டத்துக்குள் ஒரு பறவை

எழுபதுகளின் கடைசி. திருச்சியில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் மைன்ஸில், பாறைச் சுவரில் ஒரு கால் எலும்பு முழ நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான்தான். தீக்கோழியைப் போல ஓடித் திரிந்து, எந்தக் காலத்திலோ அற்றுப்போன பறவை என்று அடித்துச் சொன்னேன். என் பேராசிரியர் சிரித்துவிட்டார்.

"விரல் சேர்ற முனையக் கொண்டாய்யா. அதப் பாத்தாத்தான் பறவையா இல்லையான்னு தெரியும். அதுவரைக்கும் வாயத் தெறக்காத."

அந்த முனை இன்னும் கல்லுக்குள் இருந்தது. எனக்கு ஒரே வெறி. மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். எலும்பில் யாரும் கை வைத்துவிடக் கூடாதே என்று, மேஸ்திரி கொட்டகையில் கிடந்த காவி டப்பாவை எடுத்து அதைச் சுற்றிப் பெரிதாக வட்டம் போட்டேன். உடையாமல் பெயர்க்க பிளாஸ்டர் மாவு வேண்டுமே, அதை வாங்க அரியலூருக்கு பஸ் ஏறினேன். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்த திமிர், வேறென்ன!

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விசில் கேட்டது. வெடிக்கு ஊதும் விசில். மாவு மூட்டையோடு ஓடினேன். மேஸ்திரி சிவப்புக் கொடியோடு வழியை மறித்தார்.

"எந்தப் பக்கம்ணே வெடி?"

"நீங்க குறி போட்ட பக்கந்தான் தம்பி. ஆபீஸ்ல சொல்லித்தான் போட்டீங்கன்னு நெனச்சோம். காவி வட்டம் இருந்தா அங்கதானே வெடிக்குக் குழி போடுவோம்?"

"ஐயோ, அது குழிக்கு இல்லண்ணே! நிறுத்துங்க!"

"திரி பத்த வச்சாச்சு. வெளையாடாதீங்க."

திமிறினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பாறை மறைவில் தள்ளி, என் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வேட்டுகள் கிளம்பின. நான்காவதில் காது அடைத்துப்போனது.

புகை அடங்கியதும் சல்லடை போட்டுத் தேடினேன். எலும்பென்று சொல்லிக்கொள்ள ஒரு சில்லுகூடக் கிடைக்கவில்லை. குழி போட்டவன் மட்டும் கையில் கிடைத்தால் தொலைந்தான் என்று கறுவிக்கொண்டே நிமிர்ந்தேன்.

முகமெல்லாம் மாவாகத் தூசி அப்பிய ஒருவர் எதிரில் நின்றார்.

"நான்தான் சார் குழி போட்டேன். அந்த எடத்துல கல்லு அம்புட்டு கெட்டி. மூணு கம்பி மழுங்கிப்போச்சு. காலேஜ் சார் போட்ட குறியாச்சே, வுடலாமா? நீட்டிக்கிட்டிருந்தத இடிச்சு மட்டமாக்கிட்டு, வட்டத்துக்கு நட்டநடுவுல எறக்கினேன். சரியா இருந்துச்சா சார்?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரியாத்தாண்ணே இருந்துச்சு" என்றேன்.