நித்திரையில் போட்ட புள்ளி

மன்னாரில் வருடாவருடம் நடக்கும் இசை விருது விழாவுக்கு அந்த முறை நானும் ஒரு நடுவர். முருங்கனில் பள்ளிக்கூடப் பரீட்சை வேலை முடித்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். மண்டபத்து வெக்கையில், ஒன்பதாவதாக ஒரு பெண் பாடத் தொடங்கியது மட்டும் நினைவிருக்கிறது. கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன். ஏதோ ஒரு நடுத்தரப் புள்ளியைப் போட்டுவிட்டேன். இரண்டு புள்ளியால் விருது வேறொருவருக்குப் போனது.

விழா முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தார். பேசாலையில் கருவாடு காயப்போடுகிறவராம்.

"ரீச்சர், நான் எதில பிழை விட்டனான்? சொன்னீங்களெண்டால் திருத்துவன்."

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"நீங்கள் பாடேக்க நான் நித்திரையாப் போனன்."

அவர் முகம் கறுத்தது.

"இப்ப முழிச்சுத்தானே இருக்கிறீங்கள்? கேளுங்கோ."

கதிரைகளை அடுக்குகிற சத்தத்துக்கு நடுவே நின்று பாடினார். அன்றைக்கு நான் கேட்டவர்களில் அவருக்குத்தான் முதலிடம். உடனே விழாப் பொறுப்பாளரிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

"விருது குடுத்தாச்சு ரீச்சர். இனி மாத்தேலாது."

நான் திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னதும், "ஓம், தெரியும்" என்றுவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

இப்போதெல்லாம் களைப்பென்றால், வரமுடியாது என்று முன்னமே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம்.