முதலில் ஜெனரேட்டர், பிறகு அறிவிப்பு

நாகல் நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு அதைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதுவேன். பெரும்பாலான நாட்களில் 'இல்லை' என்ற ஒரே சொல்தான். திண்டுக்கல்லில் மழையைக் குறித்து வைப்பவனுக்குக் கை வலிக்காது. இந்தப் பழக்கத்தால்தான் கன்னிவாடிப் பக்கம் நடக்கும் இசை விழாவுக்கு நான் வானிலைப் பொறுப்பாளன் ஆனேன்.

விழா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வைகாசியில் ஒரு ஞாயிறு மாலை, மலையடிவாரத்துத் திடலில் மேடை போட்டு, சுற்றுவட்டாரத்தில் பாடத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். நாலு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் வைகாசி மாலைதான் மலைக்கு மேல் மேகம் கூடும் நேரம். ஒரு வருடம் பாட்டுக்கு நடுவே மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் போகவில்லை. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பிடித்த இடத்தை விடாமல் நின்றே கேட்டார்கள். எதிர்த் தோப்பில் ஒரு தென்னையில் இடி விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று நாட்குறிப்பில் எழுதினேன்: 'நாற்காலி இடியைத் தடுக்காது. இதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.'

அடுத்த கூட்டத்தில் அதை நானே சொன்னேன். விழாச் செயலாளர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். அவர் சிரித்தார்.

"ஏனுங்க, நியூஸ்ல எப்பப் பார்த்தாலும் 'ஓரிரு இடங்களில் மழை'ங்கறாங்க. அந்த ஓரிரு இடம் நம்ம எடமா இல்லீங்களா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க."

"அது எனக்குத் தெரியாதுங்க. இடி எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு வேணா சொல்லலாம்."

மின்னல் தெரிந்ததும் நொடிக்கு ஒன்றாக எண்ண வேண்டும். முப்பதுக்குள் இடி கேட்டால் நிறுத்திவிட வேண்டும். எல்லோரும் திடலை ஒட்டியிருக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பிறகே மறுபடி மேடை. ஜெனரேட்டரை அணைப்பது, அறிவிப்புச் செய்வது எல்லாவற்றையும் இதோடு வரிசைப்படுத்தி ஒரு தாளில் தட்டச்சு செய்தேன். மூன்று முறை படித்துச் சரிபார்த்து, மைக்செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் பாய்க்கு ஒரு பிரதி கொடுத்தேன். திடலிலிருந்து மண்டப வாசலுக்கு நூற்று நாற்பது தப்படி என்பதையும் நடந்து பார்த்து அதில் சேர்த்திருந்தேன்.

அந்த வருடம் பாடுகிறவர்கள் பட்டியலில் என் அக்காவின் பெயர் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது பாடியவள். அதன்பின் சமையலறையைத் தாண்டி அவள் பாட்டு வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவோம், மறுத்துவிடுவாள். அந்த வருடம் அவளே வந்து கேட்டாள். கழுத்தில் தைராய்டு கட்டி. விழா முடிந்த பத்தாம் நாள் அறுவை சிகிச்சை. குரல் கொஞ்சம் மாறலாம், மாறாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இருக்கும்போதே ஒருக்கா பாடிர்றேன்டா," என்றாள்.

இரண்டு மாதம் பயிற்சி செய்தாள். விழாவுக்கு முந்தின நாள் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. வேண்டியதை எல்லாம் சீட்டில் எழுதிக் காட்டினாள். 'காப்பியில் சீனி இல்லை' என்று எனக்கு வந்த சீட்டு இன்னும் நாட்குறிப்புக்குள் இருக்கிறது.

விழா நாளில் அவள் பெயர் இருபத்தேழாவது. இருபத்தாறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, மாலை ஆறு பத்துக்கு, மலை உச்சியில் முதல் மின்னலைப் பார்த்தேன். எண்ணினேன். நாற்பத்தொன்று. அடுத்தது முப்பத்தாறு. மேடைப் படியில் பட்டுப்புடவையில் நின்றிருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்தால் அவள் பாடி முடித்துவிடுவாள். முப்பது என்று வைத்ததே நான்தானே, இருபத்தைந்து என்று வைத்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மூன்றாவது மின்னலுக்கு இருபத்தெட்டில் இடி கேட்டது. கையை உயர்த்தினேன்.

பாய் உடனே ஜெனரேட்டரை அணைத்தார். விளக்கு போனது, பாட்டு போனது, மைக்கும் போனது. அறிவிப்புச் செய்யக் கையில் மைக்கைப் பிடித்திருந்த செயலாளர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"பாய், என்ன பண்ணிட்டீங்க? மொதல்ல அறிவிப்புல்ல?"

பாய் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து நீட்டினார். "நீங்கதான தம்பி எழுதுனீக. ஒண்ணு, ஜெனரேட்டர். ரெண்டு, அறிவிப்பு. நான் எழுத்துப்படி செஞ்சேன்."

அவர் சொன்னது சரி. அப்படித்தான் இருந்தது.

கரண்ட் போய்விட்டது, வந்துவிடும் என்று கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முதல் தூறல் விழுந்ததும் நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே போயின. செயலாளரும் நானும் கத்தியது நாலாவது வரிசையைத் தாண்டவில்லை. அப்போதுதான் அக்கா மேடை ஏறினாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்த குரலை எடுத்து ஒரு சத்தம் போட்டாள்.

"ஏலே! எல்லாரும் எந்திரிங்க! இடி எறங்கப் போகுது! நாற்காலிய கீழ போட்டுட்டு மண்டபத்துக்கு நடங்க! மொத வரிசை அப்பு, உனக்கு வேற தனியாச் சொல்லணுமா? ஏ மஞ்சச் சேலை, புள்ளையத் தூக்கு! அம்புட்டுப் பேரும் போங்க!"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முதலில் மஞ்சள் சேலை எழுந்தது, பிறகு எல்லோரும். கடைசி ஆள் நகரும்வரை அவள் விடாமல் கத்தினாள். நாங்கள் வாசலை அடைந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. மணி ஆறு இருபத்தைந்து.

மண்டபத்துக்குள் அக்காவுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். "எல்லாம் என் தாளால வந்தது," என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கையை ஆட்டினாள். அது 'விடு' என்பதா, 'பேசாதே' என்பதா தெரியவில்லை. அடுத்த முக்கால் மணி நேரம் என் கண் கடிகாரத்திலேயே இருந்தது. இடி நிற்கும் நேரத்தைக் குறிப்பது என் வேலை. ஆனால் அவள் தொண்டை திறக்கும் நேரத்துக்குத்தான் காத்திருந்தேன்.

ஏழு பத்துக்கு மழை விட்டது. திடலில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மேடைத் துணி நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

"இதுக்காங்க இத்தனை ஓட்டம்?" என்றார் செயலாளர். "இடி எறங்குன அந்த ஓரிரு இடம் பக்கத்து ஊருபோல இருக்குதுங்களே."

இருக்கலாம். நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்த மானியும் காட்டாது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் எனக்கு எதிரே உலர்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஈரத்தில் மறுபடி ஒயரை இழுக்க முடியாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரோ தபேலாவை மட்டும் கொண்டுவந்தார்கள். அக்கா எழுந்தாள். கரகரத்த குரலில், "சுருதிய ஒரு கட்டை எறக்கிப் பாடுறேன். சிரிக்கக் கூடாது," என்றாள். மைக் இல்லாமல் பாடினாள். இரண்டாவது சரணத்தின் மேல் வரியில் குரல் உடைந்து நின்றது. மஞ்சள் சேலைக்காரப் பெண் அந்த வரியை எடுத்துப் பாடினாள், பின்னால் பாதி மண்டபம் பாடியது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கடைசி வரிக்கு வந்து சேர்ந்துகொண்டாள். கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. குறித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை எங்கள் மாடி மழைமானியில் ஒரு சொட்டும் இல்லை. 'இல்லை' என்று எழுதினேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரல் சற்றே கனத்திருக்கிறது. சமையலறையில் பாடும்போது அது எனக்கு முன்பைவிடப் பிடிக்கிறது. தாளையும் திருத்திவிட்டேன். ஒன்று, அறிவிப்பு. இரண்டு, ஜெனரேட்டர். பேட்டரியில் ஓடும் கை மைக் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். இந்த வருடப் பட்டியல் போடும்போது அக்காவை எத்தனையாவதாகப் போடட்டும் என்று கேட்டேன்.

"மொத ஆளா போடு," என்றாள். "மேகம் கூடுறதுக்குள்ள பாடி முடிச்சிர்றேன். அப்புறம் வேணா கத்துறேன்."