நூரியின் கதவோரத்துப் பொட்டு

அடுத்த முறை வரும்போதும் எடை குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பக்கவாதம் வந்த புதிதில் ஒரு முறை குழாய் போட்டார்கள். இடது கையால் பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டு, அசைகிற அந்த ஒரு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னொரு முறை தாங்க என்னால் முடியாது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. யோங் பெங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். அண்ணனுக்காகச் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தேன். காலையும் மாலையும் கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் முன்னால் உட்காருவேன். "ஒரு வாய்ண்ணே, ஒரே ஒரு வாய்" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். விழுங்க முடியாமல் இல்லை, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். பேச்சும் போய்விட்டதால் ஏன் என்று கேட்கவும் வழியில்லை.

ஒருநாள் கூரைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் போனது. அண்ணனின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. வாய் லேசாகத் திறந்தது. நான் சட்டென்று கரண்டியை உள்ளே விட்டேன். விழுங்கினார்.

அதன் பிறகு நாள் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கைப்பேசியில் ஹெலிகாப்டர் வீடியோ போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ ஒரு ஹெலிகாப்டர் போதாது, அவருடையதே வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

அண்ணன் மலேசிய விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். நூரி ஹெலிகாப்டர்களில்தான் அவருடைய காலம் முழுக்கப் போனது. அதில் ஒன்றை மட்டும் 'நம்மாளு' என்பார். "நம்மாளுக்கு இன்னிக்குக் காய்ச்சல், எண்ணெய் ஒழுவுது" என்று சொல்லிக்கொண்டே வந்து சாப்பிட உட்காருவார். "அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல" என்று நான் கிண்டல் செய்வேன். "அது சமைக்காதே" என்பார்.

ஆயுத பூஜை வந்தால் நான் சந்தனம் அரைத்து, குங்குமத்தோடு சின்ன டப்பியில் போட்டுக் கொடுப்பேன். நம்மாளுக்குப் பொட்டு வைப்பார். கழுவும்போது அது போய்விடுகிறது என்று ஒரே புலம்பல். ஒரு வருடம் டப்பியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தார். நட்டை முறுக்கியதும் அதன் மேலும் பக்கத்துத் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுவார்களாம். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சிவப்புப் பெயின்டிலேயே கதவுக்கு உள்பக்கம், யார் கண்ணும் படாத இடத்தில், வட்டமாக ஒரு பொட்டு வைத்துவிட்டாராம். "இனிமே கழுவினாலும் போவாது" என்றார்.

நம்மாளைத் தேட எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீட்டில் இருந்த ஒரே படத்தில், அண்ணன் ஒரு நூரியின் முன் நிற்கிறார். அவருடைய தோள் அதன் எண்ணை மறைக்கிறது. கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிகின்றன. அவருடன் வேலை செய்தவர்களில் எனக்குத் தெரிந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் போனை எடுக்கவில்லை. பழைய விமானங்களைப் படம் எடுப்பவர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு எப்போதும் கூச்சம். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். யாரோ ஒரு படம் அனுப்பினார்கள். அதே இரண்டு இலக்கங்கள். ஒரு கட்டடத்தின் முன், புல்வெளியில், காட்சிக்கு வைத்த நூரி.

மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, வேன் பேசி அண்ணனை ஏற்றினேன். டிரைவர் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இருக்கிறவன்.

"மாலை யாருக்குக்கா? எந்தக் கோயிலு?"

"ஹெலிகாப்டருக்கு."

"அலமாக்! எலுமிச்சம்பழமுமா? சக்கரத்துல வச்சு ஏத்தணும்னா முதல்ல அத ஓட்ட ஆள் வேணுமேக்கா!"

அங்கே போனால் நூரியின் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள், உள்ளே பொட்டைத் தேட வழியில்லை. மாலையை அதன் மூக்கில் சாத்தி, சந்தனம் வைத்து, அண்ணனின் நாற்காலியை அருகே தள்ளினேன். அவர் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காவலாளி ஓடி வந்து, இது கோயில் இல்லை என்று மலாயில் திட்டினார். மாலையை எடுத்துக்கொண்டு திரும்பினோம். அன்று அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தக் குழுவில் என் ஆத்திரத்தை எழுதிவிட்டேன். மறுநாள் ஒருவர் அழைத்தார். சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வீடு, விடுமுறை நாளில் விமானங்களைப் படமெடுக்கிற தமிழர்.

"அக்கா, பெயின்ட நம்பாதீங்க லா. காட்சிக்கு வைக்கிறப்போ உடம்பு ஒண்ணுலேர்ந்து வரும், வாலு இன்னொண்ணுலேர்ந்து வரும். நம்பர் சும்மா எழுதினதாக்கூட இருக்கும். அண்ணன் என்ன பண்ணார்?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

"அப்ப அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்குக்கா. வேற ஆளக் கொண்டுவந்து நிறுத்தினா யாரா இருந்தாலும் திருப்பிக்குவாங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அண்ணன் ஒன்றுமே புரியாமல் போய்விட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வீட்டில் இருந்த அந்தப் படத்தை அழைத்தவருக்கு அனுப்பினேன். கதவுக்குக் கீழே மூன்று மூலையாக ஓர் ஒட்டுத் தகடு இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். தன்னிடமிருந்த பழைய படங்களில் அதே ஒட்டைத் தேடினார். கிடைத்தது. கடைசிப் படத்தில் அந்த நூரி, இறக்கை இல்லாமல் ஒரு லோரி மேல் கிடந்தது. காஹாங் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனதாகக் கேள்வி என்றார். "சீக்கிரம் போங்கக்கா. அவங்க வச்சிக்கிட்டு இருக்க மாட்டாங்க."

செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி, மண் சாலையின் முடிவில் இருந்தது அந்தக் கடை. வாலை ஏற்கனவே வெட்டிவிட்டிருந்தார்கள். சக்கரம் இல்லாத உடல் மட்டும் புல்லில் சாய்ந்து கிடந்தது. பக்கத்திலேயே கேஸ் வெட்டுக்கருவி. கதவுக்குக் கீழே மூன்று மூலை ஒட்டு இருந்தது. நான் உள்ளே தவழ்ந்தேன். எண்தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள்தான் மிச்சம். அதற்கு மேலே, அழுக்கைத் துடைத்ததும், என் சுண்டுவிரல் நுனி அளவில் சிவப்பாகப் பொட்டு.

"அண்ணே! நம்மாளுண்ணே!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி எனக்கே நினைவில்லை.

டிரைவரும் கடையின் இரண்டு வேலையாட்களும் அண்ணனை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பொட்டைக் காட்டினேன். அண்ணன் அதைச் சட்டை செய்யவில்லை. அவருடைய கண் கதவு ஓடும் சட்டத்தின் நட்டு ஒன்றில் நின்றது. கட்டைவிரலால் தேய்த்தார். சிவப்புக் கோடு இரண்டாக விலகியிருந்தது.

"ப்ச்" என்றார்.

பக்கவாதம் வந்ததற்குப் பிறகு அவரிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அது. இடது கையைப் பின்னால் நீட்டி விரலை மடக்கினார்.

"ஸ்பேனர் கேக்கிறாருக்கா!" என்று டிரைவர் ஓடினான்.

நெற்றி வியர்க்க முறுக்கினார். கோடு கோட்டோடு சேர வெகுநேரம் ஆனது. சேர்ந்ததும் நான் கஞ்சி பிளாஸ்க்கைத் திறந்தேன். கண்ணை நட்டிலிருந்து எடுக்காமலே வாயைத் திறந்தார்.

கடை முதலாளி, எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடும் வயதான சீனர், நாளைக்கு இதையும் வெட்டுகிறோம் என்றார். பேருந்தை நிறுத்தச் சொல்லக்கூட வாய் வராதவள் நான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. கடைசியில் அவர் அலுத்துப்போய் வேலையாளைக் கூப்பிட்டு, நட்டும் பொட்டும் உள்ள துண்டை மட்டும் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். வெட்டும்போது அண்ணனின் நாற்காலியை வேனின் மறுபக்கம் திருப்பி வைத்தேன்.

அந்தத் துண்டு இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் பொருத்தப்பட்டிருக்கிறது. டாக்டர் எடை பார்த்தார். கூடவில்லை, குறையவும் இல்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

அண்ணன் தூங்கியதும் நான் அந்த நட்டைத் தளர்த்தி வைக்கிறேன். காலையில் விலகிய கோட்டைப் பார்த்து "ப்ச்" என்பார். முறுக்குவார். பிறகு சாப்பிடுவார். முதலில் கால்வட்டம் தளர்த்தினேன். கை ஓய்ந்து வருவதால் இப்போது ஒரு மயிரிழைதான். நேற்று அதுவும் அவரால் முடியவில்லை. ஸ்பேனரைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். கோடு சேர்ந்தது. மூன்று வாய் சாப்பிட்டார்.